பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ: தொலைவும் பறக்கும் நேரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கவும் பிரசவத்துக்குத் துணையாக இருக்கவும் அல்சூர், மல்லேஸ்வரம், ஜெயநகர் வட்டாரங்களிலிருந்து முதன்முறையாகக் கிளம்பும் பெற்றோர் கேட்கும் கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பயணச்சீட்டில் அச்சாகும் மணி நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் வழியில் வீணாகச் சிரமப்படுகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எவ்வளவு நேரம் ஆகும், அதைப் பயணம் செய்பவரின் உடல் தாங்குமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தொலைவு?

தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையம் வரை, பூமியின் வளைவை ஒட்டி அளக்கும் மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 13,990 கிலோமீட்டர். மைலில் சொன்னால் சுமார் 8,700 மைல். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால், உலகைச் சுற்றும் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே நாம் பறக்கிறோம்.

விமானம் எந்தத் திசையில் செல்கிறது? கிழக்கா, மேற்கா?

வடக்கு என்பதே சரியான விடை. சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான உலகப் படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்கும். வீட்டில் பிள்ளைகளுடைய உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைப் பெங்களூர் மீதும் மறுமுனையைச் சான் ஃபிரான்சிஸ்கோ மீதும் வைத்துத் தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் அரபிக் கடல் பக்கமும் போகாது, வங்கக் கடல் பக்கமும் போகாது. உத்தரப் பிரதேசம், நேபாளம், திபெத் வழியாக ஏறி, மங்கோலியாவின் மேற்குப் பகுதியைக் கடந்து, சைபீரியாவின் வடகிழக்கில் ஏறத்தாழ 71 பாகை வடக்கு அட்சம் வரை சென்று, பின்பு அலாஸ்கா வழியாக இறங்கி, பசிபிக் கரையை ஒட்டிச் சான் ஃபிரான்சிஸ்கோவை அடையும். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு கிழக்கு வழியாகச் சுமார் 160 பாகை, மேற்கு வழியாகச் சுமார் 200 பாகை. அதாவது அவை உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படி இருக்கும் ஊர்களுக்கிடையே குறுக்குவழி எப்போதும் துருவத்தின் பக்கமாகவே அமையும்.

இதனால் கிடைக்கும் ஒரு பயனையும் இங்கேயே சொல்லிவிடலாம். தில்லியில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்வது சுற்றுவழி என்று பலர் எண்ணுகிறார்கள். பெங்களூர் முதல் தில்லி வரை சுமார் 1,710 கிலோமீட்டர், அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 12,380 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் நேர்வழியைவிட 100 கிலோமீட்டர்தான் அதிகம். போகிற வழியில்தான் தில்லி இருக்கிறது.

அப்படியானால் விமானம் அந்த நூல் காட்டும் வழியிலேயே பறக்குமா?

பெரும்பாலும் பறக்காது. முதல் தடை இமயமும் திபெத்தியப் பீடபூமியும். விமான அறையின் காற்றழுத்தம் எதிர்பாராமல் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடி உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். ஆனால் அந்தப் பகுதியில் தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. பயணிகளின் முகமூடிகளில் வரும் ஆக்சிஜன் குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கே போதுமானது என்பதால், வழியில் இறங்க இடமில்லாத நிலப்பரப்பை விமான நிறுவனங்கள் கூடியவரை தவிர்க்கின்றன.

இரண்டாவது தடை நாடுகளின் வான்வெளி அனுமதி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் அமெரிக்க, கனடிய, ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. இத்தகைய முடிவு ஒவ்வொன்றும் பயணத்தில் அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை கூட்டக்கூடியது. மூன்றாவது காரணம் காற்று. அதற்குத் தனி விடை தேவைப்படுகிறது.

இடையில் நிற்காமல் பறந்தால் எத்தனை மணி நேரம் ஆகும்?

பெங்களூரிலிருந்து போகும்போது சுமார் 16 மணி நேரம், திரும்பி வரும்போது சுமார் பதினேழரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டவணையில் காணும் நேரம் விமானம் கிளம்பும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு ஊரின் வாயிலில் வந்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். ஆகவே வானத்தில் இருக்கும் நேரம் அதைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும்.

போகும்போது குறைவாகவும் வரும்போது அதிகமாகவும் ஏன் நேரம் ஆகிறது?

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில் இவை மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். விமானம் இந்தக் காற்றுக்குள்ளேயே பறப்பதால், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் விமானத்தையும் சேர்த்து இழுத்துச் செல்லும். காற்றில்லாத நிலையில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 14,000 கிலோமீட்டரைக் கடக்கப் பதினைந்தரை மணி நேரம் ஆகும். பின்னாலிருந்து சராசரியாக 100 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால் 14 மணி நேரம் போதும்; அதே காற்று எதிரில் வீசினால் பதினேழரை மணி நேரம் ஆகிவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஏர் இந்தியாவின் தில்லி – சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தைச் சொல்லலாம். 2015 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவை முதலில் ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடந்து மேற்குப் பக்கமாகவே சென்றது. 2016 அக்டோபரில் அதே விமானத்தைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். பறந்த தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி 15,000 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனால் முதுகில் காற்றைச் சுமந்து சென்றதால் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே. கிலோமீட்டர் கூடினால் நேரமும் கூடும் என்று எண்ணுபவர்களுக்கு நான் எப்போதும் இந்த விமானத்தையே எடுத்துச் சொல்கிறேன். திரும்பும்போது எதிர்க்காற்றைத் தவிர்க்க, காற்றின் வேகம் குறைந்த வடதுருவப் பக்கமாக விமானங்கள் வருவதும் உண்டு. எந்த வழி என்பது அன்றன்றைக்குள்ள வானிலைக் கணிப்பைப் பார்த்து முடிவு செய்யப்படுவதால், நேற்று உறவினர் போன வழியும் நேரமும் இன்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பெங்களூரிலிருந்து இடையில் நிற்காத விமானம் உண்டா?

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இச்சேவையைத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஜனவரி 9 இரவு கிளம்பிய முதல் விமானத்தை, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில், பெண் விமானிகள் மட்டுமே இயக்கி, வடதுருவத்தைக் கடந்து ஜனவரி 11 அதிகாலையில் பெங்களூரில் இறக்கினார்கள். அது போயிங் 777-200எல்ஆர் வகை விமானம். அதன் பின் இச்சேவை நிறுத்தப்படுவதும், 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கப்பட்டதும் என்று ஏற்றத்தாழ்வுகளைக் கண்டிருக்கிறது. எனவே நீங்கள் கிளம்பும் மாதத்துக்கான அட்டவணையைப் பார்த்த பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

இத்தனை நீண்ட சேவை நடத்துவது ஏன் கடினம் என்பதையும் பார்க்கலாம். பெங்களூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதாலும், கோடைப் பகலில் அது மேலும் மெலிவதாலும், முழு எரிபொருளோடு எழும்ப விமானம் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கிறது. 4,000 மீட்டர் நீள ஓடுபாதைகள் இங்கே இருந்தும், சில நாட்களில் சரக்கையோ இருக்கைகளையோ குறைத்துக்கொண்டுதான் கிளம்ப முடியும்.

ஓர் இடத்தில் மாறிச் செல்வதானால் எந்த ஊர் வழியாகப் போகலாம்?

தில்லியைப் பற்றி மேலே சொன்னோம். துபாய் வழியாகச் சென்றால் மொத்தம் சுமார் 15,700 கிலோமீட்டர்: முதல் கட்டம் நான்கு மணி நேரம், இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 16 மணி நேரம். ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சுமார் 16,500 கிலோமீட்டர். முதல் கட்டம் பத்து மணி நேரத்தையும் இரண்டாம் கட்டம் பதினொரு மணி நேரத்தையும் ஒட்டி இருக்கும். சிங்கப்பூர் வழி சுமார் 16,800 கிலோமீட்டர். டோக்கியோவின் நரிட்டா வழி சுமார் 14,900 கிலோமீட்டர்தான். எட்டு மணி நேரமும் ஒன்பது மணி நேரமுமாக இரண்டு கட்டங்களும் ஏறக்குறையச் சமமாகப் பிரிகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் கருத்து இது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் நீண்ட நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குபவர்களுக்கும் துபாய், சிங்கப்பூர் வழிகள் ஏற்றவையல்ல. நான்கு மணி நேரம் பறந்து இறங்கியும் மறுபடி 16 மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால், இறங்கி ஏறிய அலைச்சல் மட்டுமே மிஞ்சும். பாதி வழியில் நடமாட வைக்கும் ஃபிராங்ஃபர்ட்டோ டோக்கியோவோ அவர்களுக்கு மேல். மாறாக, பெரிய விமான நிலையத்தில் வாயிலைத் தேடிப்பிடிக்க அஞ்சுபவர்களுக்கும் தமிழும் கன்னடமும் மட்டுமே பேசுபவர்களுக்கும், கிடைக்குமானால், இடையில் நிற்காத விமானமே நல்லது. அடுத்த நிலையில் தில்லி வழி. எந்த நாட்டின் வழியாகச் சென்றாலும் அங்கே இடைவழி விசா தேவையா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு விமானங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்?

மூத்த குடிமக்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் போதும் என்று இணையதளங்கள் விற்கும் சீட்டுகள் முதல் விமானம் தாமதமானால் கைகொடுக்காது. சக்கர நாற்காலி உதவி கேட்டிருப்பவர்களைப் பொதுவாக மற்றவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகே இறக்குவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு கட்டங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணின் கீழ் இருப்பது மிக முக்கியம். அப்படி இருந்தால் தொடர் விமானம் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டுகளாக எடுத்துச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள், ஒரு தாமதத்தில் முழுச் சீட்டின் விலையையும் இழந்திருக்கிறார்கள்.

நியூயார்க் போன்ற வேறோர் அமெரிக்க நகரில் முதலில் இறங்குவதானால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையையும் மீண்டும் கடக்க வேண்டும். அங்கே நான்கு மணி நேர இடைவெளி இருந்தால்தான் பதற்றமின்றிச் செல்லலாம்.

நேர வேறுபாடு எவ்வளவு? மதியம் கிளம்பி அன்றே மாலையில் இறங்குவது எப்படி?

குளிர்காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவைப்பதால், அந்த மாதங்களில் வேறுபாடு பன்னிரண்டரை மணி நேரம். மனக்கணக்காகச் சொல்ல எளிய வழி உண்டு: நம் கடிகாரத்தில் காலையை இரவாக மாற்றி, கோடையில் அரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கழியுங்கள். நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு, கோடையில் 8.30, குளிர்காலத்தில் 7.30.

ஜனவரி மாதத்தில் பெங்களூரில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், நம் நேரப்படி மறுநாள் காலை 6 மணி ஆகியிருக்கும். அங்கே அப்போது அதே தேதியின் மாலை 4.30 மணி. சீட்டில் கிளம்பும் தேதியும் சேரும் தேதியும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்தான் போலும் என்று குழம்ப வேண்டாம். அந்த ஒரு தேதி உங்களுக்கு முப்பத்தேழரை மணி நேரம் நீடிக்கிறது, அவ்வளவே.

திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகிறதே? அமாவாசை, ஏகாதசி வந்தால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு அங்கே ஏறி, பதினேழரை மணி நேரம் பறந்தால், குளிர்கால நேரப்படி ஞாயிறு அதிகாலை 4 மணிக்குப் பெங்களூரில் இறங்குவீர்கள். சனிக்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடும். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு விமானத்தின் பயணிகளுக்கு ஜனவரி 10 அப்படித்தான் கழிந்தது.

தர்ப்பணமோ சிராத்தமோ செய்ய வேண்டிய திதி அந்த நாளில் விழுமானால் பயணத்தையே ஒரு நாள் தள்ளிவைப்பதுதான் எளிய வழி. திதியைப் பார்க்காமல் சீட்டு எடுத்துவிட்டுப் பின்னர் மாற்றுவதற்குச் செலவு அதிகம். அங்கே தங்கியிருக்கும் நாட்களிலும் பெங்களூர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே பின்பற்ற முடியாது. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும், அந்த ஊரின் சூரிய உதயத்தைக் கொண்டு பார்க்கும்போது நாள் மாறிவிடக்கூடும். லிவர்மோரில் உள்ள சிவ விஷ்ணு கோயிலிலோ குடும்பத்துப் புரோகிதரிடமோ அந்த ஊருக்கான நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பது வயதானவர்களுக்குப் பாதுகாப்பானதா?

பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் முன்னேற்பாடு வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல் மட்டத்துக்கு நிகராக இருக்காது. அதிகபட்சமாக 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒப்பாக இருக்கலாம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஊட்டிக்குச் சென்றாலே மூச்சு வாங்கும் இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கண்ட பிறகே சீட்டு எடுக்க வேண்டும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 வகைகளில் இது சுமார் 6,000 அடி அளவில் வைக்கப்படுவதால், ஒரே விலையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தால் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மற்றொரு கவலை, நீண்ட நேரம் அசையாமல் இருப்பதால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவது. நடைபாதை ஓர இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்து, விழித்திருக்கும் போதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து, உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்து வர வேண்டும். கழிப்பறைக்கு அடிக்கடி எழ வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம் அம்மாக்களிடம் உண்டு. விமானக் காற்று மிகவும் வறண்டது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரப்படி சாப்பிடுவது?

பயணத்தின்போது கையில் பெங்களூர் நேரம் காட்டும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அதன்படியே சாப்பிட்டுச் சென்று, இறங்கிய பிறகு அங்குள்ள நேரத்துக்கு மாறுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தப் பொதுவான யோசனை போதாது. நாள் முப்பத்தேழரை மணி நேரமாக நீள்வதை மருத்துவரிடம் சொல்லி, வேளைவாரியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டோடு.

உறக்கம் சரியாக எத்தனை நாள் ஆகும்?

பொதுவாக ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஒரு நாள் என்பார்கள். ஆகவே ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்கு மேலும் ஆகலாம். பகலில் வெயிலில் நடப்பது உதவும்.

வீட்டிலிருந்து வீடு வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்?

விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னதாக இரண்டாம் முனையத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கு வாயிலருகே கூடுதல் சோதனை நடப்பதுண்டு; பெட்டி ஒப்படைக்கும் இடமும் கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். நகரின் தெற்கே எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர்கள் சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் நெரிசலில் சிக்கினால், விமான நிலையம் சேர இரண்டரை மணி நேரம்கூட ஆகும். அங்கே இறங்கியபின் குடிநுழைவு வரிசைக்கும் பெட்டிக்குமாக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். சான் ஹோசேவுக்கோ ஃபிரீமான்ட்டுக்கோ காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே இடையில் நிற்காத விமானமானால் 24 அல்லது 25 மணி நேரம், ஓர் இடத்தில் மாறினால் 30 மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மகனிடம் இந்தக் கணக்கை முன்பே சொல்லிவிட்டால், விமானம் தரையிறங்கிய நிமிடத்திலிருந்து அவர் வாசலில் நின்று தவிக்க வேண்டியிராது.

ஓசூர், கிருஷ்ணகிரி, சேலத்தில் இருப்பவர்களுக்குச் சென்னையா, பெங்களூரா?

ஓசூரிலிருந்து தேவனஹள்ளி சுமார் 75 கிலோமீட்டர் என்பதால் அவர்களுக்குக் கேள்வியே இல்லை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பெங்களூரே அருகில். சேலத்திலிருந்து பெங்களூர் நகருக்குச் சுமார் 200 கிலோமீட்டர்; நகரைக் கடந்து வடக்கே மேலும் 40 கிலோமீட்டர் போக வேண்டும் என்றாலும், சென்னையைவிட அது குறைவுதான். ஆனால் மாலை நெரிசலில் நகரைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போய்விடும் என்பதால், அதிகாலை விமானமானால் முதல் நாள் பகலிலேயே வந்து, விமான நிலையத்தை ஒட்டிய பகுதியிலோ எலஹங்காவிலோ தங்கிவிடுவது நல்லது. தனியாக வருபவர்களுக்கு நகரின் பல பகுதிகளிலிருந்து பி.எம்.டி.சி.யின் வாயு வஜ்ரா பேருந்துகள் விமான நிலையத்துக்கு ஓடுகின்றன. பெரிய பெட்டிகள் இரண்டு இருந்தால் வாடகைக் காரே வசதி.